முப்பத்தோராவது பெயர்

பிப்ரவரி 3, திங்கள்.
இன்றைய தவறு: அரைத் தாளைக் குறுக்காகக் கிழிக்கச் சொன்னார்கள். நான் நெடுக்காகக் கிழித்துவிட்டேன். அதனால் என் முதல் நிரல் படிக்கப்படாமலே திரும்பி வந்தது. சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்தது. கைதான் வேறு மாதிரி செய்துவிட்டது.
நாளை: நான்கு தாள்களைக் குறுக்காக மடித்துக் கிழித்துத் தயாராக வைக்க வேண்டும்.

நோரிபெல் சுமகாய்சாய் தினமும் நாட்குறிப்பில் ஒரு தவறை எழுதிவைப்பாள். தவறு எதுவும் நடக்காத நாளில், நடந்ததைக் கவனிக்காமல் விட்டோமோ என்று பயந்து இரண்டாக எழுதுவாள். வயது இருபத்தாறு. சான் எலியாஸ் துறையில், எதிர்த்தீவுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் கூண்டில் வேலை. கூண்டுக்கு மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் கடல்.

அந்தத் துறையில் படகேறும் ஒவ்வொருவரும் பெயர், வயது, ஊர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். படகு கவிழ்ந்தால் யார் யாரைத் தேடுவது என்று தெரிவதற்காக அந்த ஏற்பாடு. படகில் முப்பது பேர் போகலாம். தாளிலும் முப்பது வரிகள்தான். முப்பது நிரம்பினால் மக்கள் ஓரத்தில் எழுதுவார்கள். ஓரமும் நிரம்பினால் தாளைத் திருப்பி எழுதுவார்கள். திருப்பி எழுதியவர்களும் ஏறிக்கொள்வார்கள். படகின் இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் மூங்கில்கள் தண்ணீருக்குள் போய்விட்டால் மட்டும் படகோட்டி "போதும்" என்பார்.

இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள், இருபது வயதில் விரிசல் விழுந்த ஒரு போனை வைத்துக்கொண்டு தானாகவே கணினி நிரல் எழுதக் கற்றாள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு படகு போய் அடுத்த படகு வரும்வரை உள்ள இடைவெளிதான் வகுப்பு. பெயர்களை வாங்கிக்கொண்டு எண்ணிவரும் ஒரு நிரலை நாற்பது வரி வரைக்கும் எழுதிவிட்டாள். முப்பதில் நிறுத்தவேண்டிய நாற்பத்தோராவது வரி பாக்கி இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவரைத் தூக்கி உட்காரவைக்க அம்மாவால் தனியாக முடியாது; வீட்டில் வேறு ஆள் இல்லை. ஐந்து வருடம் போயிற்று. போன ஆகஸ்டில் அவர் இறந்தார். செப்டம்பரில் அவள் போனைத் திறந்தாள். தான் எழுதிய நாற்பது வரியும் முன்பின் பார்க்காத யாரோ எழுதியதுபோல் இருந்தது.

படகுக் கூட்டுறவின் தலைவர் கார்லிங் பெரும்பாலும் படகில்தான் இருப்பார். ஜனவரியில் ஒருநாள் கூண்டுப் பக்கம் வந்தார். அந்த ஊரில் இளம்பெண்ணை 'இண்டாய்' என்பார்கள், மூத்தவரை 'மனோங்' என்பார்கள்.

"ஏப்ரல்ல இங்க கம்ப்யூட்டர் வருது, இண்டாய். அதுக்கு எதிர்ல போட ஒரே ஒரு நாற்காலிதான். நகர மையத்துச் சான்றிதழ் கொண்டு வந்தா அது உனக்கு. இல்லன்னா என் கொழுந்தியா பையன் ஒருத்தன் இருக்கான்."

"அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா, மனோங்?"

"அவன்கிட்ட சான்றிதழ் இருக்கு."

"எதுக்கு?"

"மீன் வளர்ப்புக்கு. எதுக்கா இருந்தா என்ன, சான்றிதழ் சான்றிதழ்தானே?"

கூண்டை எடுத்துவிடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கூண்டின் அளவைப் பழைய இரும்புக்காரன் முந்தின நாளே நாடா பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

*

சான் எலியாஸ் கணினி மீள்வருகை மையம், கணினி கற்று இடையில் விட்டவர்களை மீண்டும் அழைத்துவருவதற்காக ஏழு வருடத்துக்கு முன்பு தொடங்கப்பட்டது. அதன் ஒரே பயிற்றுநர் வெனிஃப்ரெடோ. எல்லோருக்கும் வெனி சார். விண்ணப்பம் வாங்குவதும் அவரே.

"விட்டுட்டுப் போனவங்கதான் இங்க திரும்பி வரலாம்," என்றார். "நீங்க விட்டதுக்கு ஆதாரம் இருக்கா?"

"அஞ்சு வருஷமா ஒரு வரிகூட எழுதல, சார்."

"அதை பரங்காய் அலுவலகத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னார் அஞ்சு வருஷமா நிரல் எதுவும் எழுதல, எழுதி அக்கம்பக்கத்துல யாரும் பார்க்கல, அப்படின்னு."

பரங்காய் என்பது அந்தப் பகுதியின் ஊராட்சி. அதன் தலைவர் மூன்று அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு விசாரித்து எழுதிக் கொடுத்தார். அதில் ஒருவர் மட்டும் உதவியாக இருக்கட்டுமே என்று, "அதற்கு முன்பும் பார்த்ததில்லை" என்று சேர்த்துச் சொல்லியிருந்தார். வெனி சார் அந்த வரியில் விரலை வைத்தார்.

"அப்ப நீங்க போகவே இல்லையே. போகாதவங்க எப்படித் திரும்பி வர்றது?"

அந்த வரியை அடிக்க இரண்டு நாள் ஆனது. அடித்த இடத்தில் தலைவர் கையெழுத்துப் போட இன்னொரு நாள்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"நானேதான் சார்."

"சரி. ஆசிரியர் கையெழுத்து இந்தக் கட்டத்துல. ஆசிரியர் படம் ரெண்டு, மாணவி படம் ரெண்டு."

கட்டத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். தன் படம் நான்கு கொடுத்தாள். வெனி சார் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஆசிரியரும் மாணவியும் ஒரே சட்டை போட்டிருக்கீங்க. பெரியவங்களுக்குக் குடுக்கிற மரியாதையா இது?"

மறுநாள் அம்மாவின் ரவிக்கையைப் போட்டு, கொண்டையைத் தூக்கிக் கட்டி, வேறு இரண்டு படம் எடுத்து வந்தாள். வெனி சார் வெகுநேரம் பார்த்தார்.

"உங்க டீச்சர் ரொம்பக் கண்டிப்பானவங்க போல."

"ஆமா சார்."

அன்றைய தேதியில் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: இன்றைய தவறு: என் ஆசிரியரைப் பற்றிப் பொய் சொன்னேன். அவர் அவ்வளவு கண்டிப்பானவர் அல்ல.

*

வாரத்துக்கு மூன்று மாலை, ஐந்தரை முதல் ஏழரை வரை வகுப்பு. முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு மையத்தின் கீதம். அதன்பின் மையத்தின் நோக்கத்தையும் இலக்கையும் நெஞ்சில் கைவைத்து ஒன்றாகச் சொல்ல வேண்டும். சோர்வு போக நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஒரு நடனம். வருகைத் தாளில் இரண்டு கையெழுத்து: வந்ததற்கு ஒன்று, வந்து உட்கார்ந்ததற்கு ஒன்று. எல்லோரும் பேனருக்கு அடியில் நின்று ஒரு படம். பேனரில் மையத்தின் பெயர் ஒரு சாண் உயரம். இயக்குநர் டாக்டோரா பெர்பெத்துவா கலினேரோவின் முகம் நான்கு சாண். இதெல்லாம் முடிந்தபின் கேக்கோ, இனிப்பு ஸ்பகெட்டியோ. அதன்பின் மிஞ்சும் பத்து நிமிடத்தில் கணினி.

கணினி என்றால் தொடுவதற்கு அல்ல. சுவரோரம் பன்னிரண்டு கணினிகள் வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு நின்றன. பன்னிரண்டையும் சேர்த்து ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தலைநகரிலிருந்து ஒரு பெரிய விருந்தினர் வந்து, பாதிரியார் தீர்த்தம் தெளித்து, ரிப்பன் வெட்டி, முறைப்படி ஒப்படைத்த பிறகுதான் அவற்றைத் திறக்கலாம். விருந்தினர் ஏழு வருடமாக வந்துகொண்டிருந்தார்.

அதுவரை மஞ்சள் தாள். கணக்குப் போடும் நிரல் என்றால் கால் தாள். 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்பது அரைத் தாள், குறுக்காக. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பது அரைத் தாள், நெடுக்காக. எழுதி முடித்ததும் வெனி சாரிடம் நீட்ட வேண்டும். அவர் எழுந்து நின்று உதடுகளை அசைத்தபடி படிப்பார். படித்துவிட்டு "ஓடுது" என்பார். அல்லது "ஓடல" என்பார். பன்னிரண்டு கணினிகளின் வேலையையும் அவர் ஒருவரே செய்துவந்தார்.

"ஓடல," என்றார் நோரிபெலிடம், அவள் தாளைக் குறுக்காகக் கிழித்து வந்த நாளில்.

"எந்த வரி சார்?"

"வரியெல்லாம் சரிதான். எழுத்து சாய்ஞ்சிருக்கு. சாய்ஞ்சா எப்படி ஓடும்?"

ஒவ்வொரு பிழைக்கும் இயக்குநருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பது விதி. மூன்று பிரதி, வீட்டில் ஒருவருடைய கையெழுத்தோடு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தியோடுல்ஃபோ ஒரு கடிதமும் எழுதியதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். இந்த வகுப்பில் இது அவருக்கு நான்காவது சுற்று. 'பிழையற்ற மாணவர்' பதக்கம் மூன்று முறையும் அவருக்குத்தான்.

"எப்படி மனோங் ஒரு தப்புகூட வராம எழுதறீங்க?"

"எழுதறேன்னு உனக்கு யாரு சொன்னா?" அவர் ஸ்பகெட்டியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தார். "தாள்ல பேரை எழுது. தேதியை எழுது. பேனாவைக் கீழ வை. தப்பு எங்கேருந்து வரும்?"

நோரிபெலுக்கு அது வரவில்லை. மூன்று வாரத்தில் பதினேழு கடிதம் எழுதினாள். ஒன்று இப்படி இருந்தது: 'மதிப்புக்குரிய டாக்டோரா, புதன்கிழமை மாலை ஏழு இருபத்தைந்துக்கு நான் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டேன். இதில் எனக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாது. இனி திறப்பதற்கு முன்பே மூடுவதைப் பற்றி யோசிப்பேன்.' அம்மா மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன்னை ஜெயில்ல போட மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

மாதக் கடைசியில் டாக்டோரா வகுப்புக்கு வந்தார். வெள்ளை உடை, முத்து மாலை, பின்னால் படம் எடுக்க ஒரு பெண். நோரிபெலின் பதினேழு கடிதங்களும் அவர் கையில் இருந்தன.

"என் அன்புப் பிள்ளைகளே," என்றார். "இந்த மையத்தோட ஏழு வருஷ வரலாற்றுல ஒரு கணினிகூடக் கெட்டுப்போனதில்ல. ஒரு நிரல்கூட நின்னுபோனதில்ல. தலைநகரத்துல இருக்கிற மையங்களால இப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. ஏன்னா அவங்க தொடறாங்க. நாம மதிக்கிறோம். இந்தப் பதினேழு கடிதமும் என் மனசைப் புண்படுத்திச்சு. ஆனா நான் கோபப்படல. திரும்பி வர்றவங்க முதல்ல கத்துக்க வேண்டியது வேலை இல்ல, அடக்கம். வேலையை எவன் வேணும்னாலும் தானே கத்துக்குவான். அடக்கத்தை நாங்கதான் சொல்லித்தரணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தன்னைப் பற்றித்தான் பேசினார் என்று தெரிந்தும் நோரிபெலும் தட்டினாள். தட்டிய பிறகு, கொஞ்சம் தாமதமாகத் தட்டிவிட்டோமோ என்று கவலைப்பட்டாள்.

*

ஆனால் அவள் வகுப்புக்குப் போகும் ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. துறையிலிருந்து மையத்துக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவள் போனில் தன் பழைய நாற்பது வரியைப் படித்தாள். முதல் வாரம் ஏழு வரி புரிந்தது. ஒரு வரியை மாற்றிப் பார்ப்பாள். போன் சிவப்பில் ஏதாவது சொல்லும். அதற்குக் கடிதம் எழுதவேண்டியதில்லை என்பதே அவளுக்கு விடுமுறைபோல் இருந்தது. போன் திட்டும், எந்த வரியில் என்றும் சொல்லும், அடுத்த நிமிடமே மறந்துவிடும். இவ்வளவு பெருந்தன்மையான ஆசிரியரை அவள் பார்த்ததில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி நாற்பத்தோராவது வரியை எழுதினாள். ஏறியவர் முப்பது ஆனால் நிறுத்து, அவ்வளவுதான் அது. போலிப் பெயர்களைப் போட்டுப் பார்த்தாள். முப்பதாவது பெயரை வாங்கிக்கொண்டது. முப்பத்தோராவதுக்கு, "படகு நிறைந்தது. அடுத்த படகில் வாருங்கள்" என்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது. ஜீப்னியில் அழுதால் எல்லோரும் பார்ப்பார்களே என்று சிரித்தாள். அதையும் எல்லோரும் பார்த்தார்கள். பின் இருக்கையில் தியோடுல்ஃபோவும் இருந்தார்.

அடுத்த வாரம் முழுக்கத் தாளோடு சேர்த்து போனிலும் பெயர்களைப் போட்டாள். கார்லிங் முதலில் முறைத்தார்.

"முப்பதுன்னா முப்பதேவா? குழந்தைங்களையும் எண்ணுமா?"

"எண்ணும் மனோங்."

"கோழிக்கூடை?"

"அதை எண்ணாது."

"அப்ப சரி," என்றார்.

மூங்கில்கள் அந்த வாரம் ஒருமுறைகூடத் தண்ணீரில் முங்கவில்லை. "இழுக்கவே லேசா இருக்கு," என்று அவர் முணுமுணுத்ததை அவள் நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். தவறுகள் எழுதும் நோட்டு ஆகையால், பின்பக்கத்தில்.

மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை காலை, மையத்து ஆட்கள் எதிர்த்தீவுக்குக் கல்விச் சுற்றுலா கிளம்பினார்கள். தீவில் கணினி எதுவும் இல்லை. நல்ல கடற்கரை இருந்தது. பதினான்கு பேர், ஒரு சமையல் பாத்திரம், சுருட்டிய பேனர். ஏற்கெனவே பதினேழு பயணிகள் பெயர் கொடுத்திருந்தார்கள். மையத்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஏறினார்கள். டாக்டோரா துறையின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தார்.

"டாக்டோரா பெர்பெத்துவா கலினேரோ," என்றார். "வயசு போட வேண்டாம்."

நோரிபெல் போட்டாள். போன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"மன்னிச்சிருங்க டாக்டோரா. படகு நிறைஞ்சிடுச்சாம். அடுத்த படகு அரை மணி நேரத்துல."

"யாரு சொன்னா?"

கார்லிங் படகிலிருந்து தலையை நீட்டி, "போன் சொல்லுது மேம்! இந்தப் பொண்ணே எழுதினது!" என்று பெருமையாகக் கத்தினார். கத்திவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

படகில் இருந்தவர்கள் முதலில் கையசைத்தார்கள். பிறகுதான் இயக்குநர் கரையில் நிற்பது தெரிந்து கையைக் கீழே போட்டார்கள். பேனர் படகில் போய்விட்டது. அடுத்த படகில் டாக்டோரா போய்ச் சேர்ந்தபோது அங்கே குழுப்படம் எடுத்து முடித்து, பேனரை மடித்து, அதன்மேல் மீனை வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மையத்தின் வரலாற்றிலேயே டாக்டோரா இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் படம் அது. அச்சுக்குப் போகவிருந்த ஆண்டறிக்கை அதனால் நிறுத்திவைக்கப்பட்டது.

*

திங்கட்கிழமை விசாரணை. மேசைக்குப் பின்னால் டாக்டோரா, பக்கத்தில் வெனி சார். சாட்சியாக தியோடுல்ஃபோ. அவர் முன்னால் ஸ்பகெட்டி இரண்டு தட்டு இருந்தது.

"ஜீப்னியில பார்த்தேன்," என்றார் தியோடுல்ஃபோ. "போன்ல எழுதினா. தொடர்ந்து எழுதினா. தப்பு வந்துச்சு, திருத்தினா. கடுதாசி எதுவும் எழுதல."

"எத்தனை தப்பு?"

"எண்ணல டாக்டோரா. சிரிச்சா."

வெனி சார் அதைக் குறித்துக்கொண்டார்.

"ஒப்படைப்பு விழாவுக்கு முன்னாடியே முன்னேறியிருக்கீங்க," என்றார் டாக்டோரா. குரலில் வருத்தம்தான் இருந்தது. "இந்த மையம் தெரியாதவங்களுக்கு. உங்களுக்குத் தெரியும்னு ஆயிடுச்சு. தெரிஞ்சவங்களுக்கு நாங்க எப்படிச் சான்றிதழ் குடுக்கிறது? அது மோசடி இல்லையா?"

"எனக்கு ஒண்ணும் பெருசா தெரியாது டாக்டோரா," என்றாள் நோரிபெல். அது அவள் உண்மையாகவே நம்பியது. "நாப்பத்தோரு வரிதான்."

"ஏழு வருஷத்துல இந்த மையத்துல எழுதப்பட்டது எத்தனை வரி தெரியுமா, வெனி?"

வெனி சார் தாளைப் புரட்டினார். "ஓடினதா, டாக்டோரா?"

"விடு." டாக்டோரா முத்து மாலையைத் தடவினார். "பாரு பிள்ளை. நான் பழிவாங்கறவ இல்ல. தலைநகரத்து விருந்தினர் இருபத்தெட்டாம் தேதி நிச்சயமா வர்றாரு. அவருக்கு ஏதாவது காட்டணும். உன் நிரலை மையத்தோட நிரலா காட்டலாம். அன்னிக்கே உனக்குச் சான்றிதழ். ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துடணும்."

"என்னது, டாக்டோரா?"

"அது 'இல்ல'ன்னு சொல்லுது. விருந்தினர் பேரைப் போட்டு அது இல்லன்னு சொன்னா? நம்ம ஊர்ல வாசல்ல வந்தவங்களை யாராவது இல்லன்னு சொல்லுவாங்களா? எல்லாருக்கும் 'வரவேற்கிறோம்'னு சொல்லட்டும். அதுதான் நம்ம பண்பாடு."

"எண்ணிக்கைக்காகத்தான் அதை எழுதினதே. அந்த வரி இல்லன்னா அது..."

"அது இல்லன்னா உனக்கு நாற்காலி உண்டு," என்றார் டாக்டோரா. கார்லிங் எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார்.

நோரிபெல் யோசித்தாள். முறையாக, இரண்டு பத்தியாகப் பிரித்து யோசித்தாள். மறுத்தால் அந்த நாற்காலியில் மீன் வளர்ப்புச் சான்றிதழ் உட்காரும். அது எதையும் எண்ணப்போவதில்லை. ஒத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளே வரியைத் திரும்பப் போட்டுவிடலாம். எழுத ஆறு மாதமும் ஐந்து வருடமும் ஆன வரி. திரும்பப் போட அரை நிமிடம். இதில் தவறு எங்கே இருக்கிறது என்று தேடினாள். அகப்படவில்லை. அகப்படாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மேசைமேல் போனை வைத்து, அவர்கள் மூவரும் பார்க்க, ஒரு விரலால் அழித்தாள்.

"ஓடுது," என்றார் வெனி சார்.

*

இருபத்தெட்டாம் தேதி விருந்தினர் மெய்யாகவே வந்தார். நடனம் நடந்தது. பாதிரியார் பன்னிரண்டு கணினிகள்மீதும் தீர்த்தம் தெளித்தார். உறைகளைப் பிரித்த உடனே தெளித்ததால் நான்கு விசைப்பலகைகள் முழுக்க நனைந்தன. மீதி எட்டில் ஏழு எரியவில்லை. எரிந்த ஒன்று, ஏழு வருடத்துக்கான புதுப்பித்தல் பாக்கி இருக்கிறது, பதினொரு மணி நேரம் அணைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. டாக்டோரா சிரித்த முகம் மாறாமல் கண்ணைக் காட்ட, வெனி சார் நோரிபெலின் போனை வாங்கி, அந்தக் கணினித் திரையின் நடுவில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் கணினிக்குள் ஒரு கணினி இருப்பது போல் அழகாக இருந்தது.

"இது எங்க மையத்துல உருவானது," என்றார் டாக்டோரா ஒலிபெருக்கியில். "நாங்க முன்னாடி ஒரு நிரல் பார்த்தோம். அது மனுஷங்களைத் திருப்பி அனுப்பிச்சு. கல்நெஞ்சு. நாங்க அதுக்கு இதயம் குடுத்தோம். இன்னிக்கு அது யாரையும் வேண்டாம்னு சொல்லாது. அறிவுன்னா என்ன? யாரையும் வேண்டாம்னு சொல்லாததுதான் அறிவு!"

விருந்தினர் குனிந்து தன் பெயரைப் போட்டார். "வரவேற்கிறோம்" என்றது. கைதட்டல். அவர் மகிழ்ந்துபோய் மறுபடி போட்டார். "வரவேற்கிறோம்." மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், ஓட்டுநர் பெயர், மறுபடி தன் பெயர். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கூடச் சேர்ந்து கத்தியது: "வரவேற்கிறோம்!" முப்பத்தோராவது பெயருக்கும் அதே கைதட்டல்தான். அந்த மண்டபத்தில் எண்ணிக்கொண்டிருந்தவள் ஒருத்திதான்.

அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். தியோடுல்ஃபோவுக்கு நான்காவது பதக்கம். அவர் ஐந்தாவது சுற்றுக்கும் அப்போதே பெயர் கொடுத்தார்.

விழா முடிந்ததும் அவள் போனைக் கேட்டாள்.

"அதெப்படித் தர முடியும்?" என்றார் வெனி சார். "விருந்தினர் தொட்ட பொருள். கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியாச்சு."

ஏப்ரலில் துறைக்குக் கணினி வந்தது. கூண்டைப் பிரித்து எடுத்துப்போனார்கள். நாற்காலி அவளுக்கே கிடைத்தது, சுழலும் நாற்காலி. நிரலை மையத்திலிருந்தே வந்து பதித்துவிட்டு, கணினியின்மேல் ஒரு சீட்டு ஒட்டிப் போனார்கள்: மையத்தின் சொத்து. கடவுச்சொல் டாக்டோராவிடம். ஒரு வரியைச் சேர்க்க வேண்டுமானாலும் மூன்று பிரதியில் விண்ணப்பம்; அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும். கூட்டம், விருந்தினர் அடுத்த முறை வரும்போது.

புனித வாரம் தொடங்கியது. ஊர் மொத்தமும் தீவுக்குப் போகிற வாரம். தாளில் ஓரம் இருந்தது, பின்பக்கம் இருந்தது. அவை தீர்ந்தால் யாராவது ஒருவருக்காவது கூச்சம் வரும். கணினியில் ஓரமே இல்லை. புதன்கிழமை கடைசிப் படகுக்குப் பட்டியல் முப்பத்தெட்டில் முடிந்தது. மூங்கில்கள் தண்ணீருக்கு அடியில் இருந்தன.

"மனோங், எட்டுப் பேரை இறக்குங்க," என்று ஓடிப்போய்ச் சொன்னாள்.

"கம்ப்யூட்டரே வாங்க வாங்கன்னு கூப்பிடறப்ப, தடுக்க நான் யாரு, இண்டாய்?" என்றார் கார்லிங். கேலி இல்லை, அவர் நம்பித்தான் சொன்னார். "நீ எழுதினதுதானே?"

படகு தாழ்ந்து, மெதுவாக, போய்ச் சேர்ந்தது. சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து செய்தி வரும்வரை அவள் சுழலும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

ஏப்ரல் 16, புதன்.
இன்றைய தவறு: இன்று செய்ததல்ல, மார்ச் பத்தாம் தேதி செய்தது. அன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். நாற்பத்தோராவது வரியை நானே என் விரலால் அழித்தேன்.
நாளை: பெரிய வியாழன். முதல் படகு ஐந்தரைக்கு. ஐந்து மணிக்கே ஏறுபலகை அருகே நிற்க வேண்டும். ஒவ்வொரு தலையாக விரல்விட்டு எண்ண வேண்டும், குழந்தைகளையும். முப்பது ஆனதும் பலகையின் குறுக்கே காலை வைக்க வேண்டும்.